மூன்றாவது முறைதான் வண்டலூரைப் பார்த்தோம்

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு நாங்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போன முதல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை.

ஆபீசில் லீவு சொல்லி, ஐந்தரை மணிக்கு எழுந்து எலுமிச்சை சாதம் கட்டி, என் மகளையும் அண்ணன் மகனையும் தூக்கத்தோடு தூக்கமாகக் குளிப்பாட்டி, அப்பாவுக்கு முந்தின நாள்தான் வாங்கிய கேன்வாஸ் ஷூவை மாட்டிவிட்டு, மின்சார ரயிலில் வண்டலூர் ஸ்டேஷனில் இறங்கி ஜிஎஸ்டி சாலையைக் கடந்து கேட்டுக்கு முன்னால் போய் நின்றபோதுதான் பூட்டு கண்ணில் பட்டது. காவலாளி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாரத்துக்கு எங்களை மாதிரி நாலு குடும்பத்தையாவது பார்ப்பார் போல. அறிவிப்புப் பலகையை மட்டும் கையால் காட்டினார். எலுமிச்சை சாதத்தை ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

அப்பா மட்டும் அசரவே இல்லை. "புலிக்கும் வாரத்துல ஒரு நாள் நம்ம மூஞ்சியைப் பார்க்காம இருக்கணும்னு தோணாதாம்மா?" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னது கிட்டத்தட்ட நிஜம். நம் நாட்டு உயிரியல் பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களை விடாமல் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. பல பூங்காக்களில் புலி, சிங்கங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் இரை போடாமல் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிற வழக்கமும் உண்டு. பண்டிகை, கோடை விடுமுறைக் காலங்களில் சில செவ்வாய்க்கிழமைகளில் திறந்து வைப்பார்கள். அதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். நுழைவுக் கட்டணமும் அவ்வப்போது மாறும். கிளம்புகிற முதல் நாள் ராத்திரி பூங்காவின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ரயில் டிக்கெட் எடுத்த பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.

இரண்டாவது முறை நாங்கள் செய்தது இதைவிடப் பெரிய கூத்து. காணும் பொங்கலன்று போனோம்.

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் காணும் பொங்கல் என்றால் மெரினா, மாமல்லபுரம், கிண்டி, வண்டலூர் என்று ஊரே வெளியில் இருக்கும். அது தெரியாமல் இல்லை. "எல்லோரும் போகிறார்கள், நாமும் போவோம்" என்கிற எண்ணம்தான். பதினோரு மணிக்கு உள்ளே நுழைந்தோம். அதற்குப் பிறகு நான் பார்த்தது பெரும்பாலும் முதுகுகள். நீர்யானை இருக்கும் இடத்தில் நீர்யானையின் காது மட்டும் தெரிந்தது. வெள்ளைப் புலிக்கு முன்னால் செல்போன்கள் எழும்பி நின்றதில், அடுத்தவர் போன் திரை வழியாகத்தான் புலியைப் பார்க்க முடிந்தது. சிங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. ஒரு மர நிழலில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது. வயிறு ஏறி இறங்குவதுகூடத் தெரியவில்லை. அண்ணன் மகனுக்கு ஐந்து வயது. அவன் குரல் கம்மிப்போய்க் கேட்டான்: "அத்தை, சிங்கம் செத்துப்போச்சா?"

அப்பா சட்டென்று சொன்னார்: "சேச்சே. இது உயிர் காலேஜ்டா. செத்த காலேஜ் எழும்பூர்ல இருக்கு."

பக்கத்தில் நின்றிருந்த நடுத்தர வயதுக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். இளம்பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பழைய மெட்ராஸ்காரர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும்தான் சொல்வார்கள். ஒன்றில் பாடம் செய்து வைத்த விலங்குகள், இன்னொன்றில் மூச்சு விடுகிற விலங்குகள். இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பது எனக்கே பிற்பாடு படித்துத்தான் தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபோர் 1855-இல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளும் அதில் வந்து சேர்ந்தன. சில வருடங்களில் இடம் போதாமல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அப்பா சின்ன வயதில் பார்த்தது அதைத்தான். மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய புத்தகம் வாங்கிவிட்டு அப்படியே உயிர் காலேஜுக்குள் ஒரு சுற்று. கம்பிக் கூண்டு, சிமெண்டுத் தரை, கூண்டுக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருக்கும் புலி, மூக்கைப் பொத்த வைக்கும் வாடை. அவருடைய நினைவில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான்.

அந்த உயிர் காலேஜை மாற்றுவதற்காக 1979-இல் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கி வேலையைத் தொடங்கினார்கள். புதுப் பூங்காவை 1985 ஜூலை 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், மே 30-ஆம் தேதி, மூர் மார்க்கெட் எரிந்து போனது. "ஒரே வருஷத்துல ரெண்டும் போச்சு" என்பார் அப்பா. உயிர் காலேஜ் எங்கேயும் போய்விடவில்லையே, இடம்தானே மாறியது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

சரி, காணும் பொங்கலுக்கு வருவோம். அன்று இரண்டு சம்பவம் நடந்தது. இரண்டிலும் தப்பு என் மேல்தான்.

முதலாவது, சின்னவன் பத்து நிமிஷம் காணாமல் போனான். முழங்கையில் என் போன் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிட்டிருந்தேன். வெயிலில் வேர்த்து அது நீலக் கறையாகிப்போயிருந்தது. ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் நின்று அழுதவனை யாரோ ஓர் அம்மா கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கறையில் நாலு இலக்கத்தைப் படித்துவிட்டு மீதிக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார். அப்போது முதல் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அழியாத மார்க்கர்தான். நம்பரைக் கையில் எழுதி, சட்டைப் பையிலும் ஒரு சீட்டு வைத்துவிடுவேன். உள்ளே நுழையும்போதே பிள்ளைகளை நிற்கவைத்துத் தலை முதல் கால் வரை ஒரு போட்டோவும் எடுத்துவிடுவேன். பதற்றத்தில் யாராவது "என்ன கலர் சட்டை?" என்று கேட்டால் நமக்கு ஞாபகமே வராது. எனக்கு வரவில்லை. பச்சை என்று சொன்னேன், மஞ்சள்.

இரண்டாவது, குரங்கு. இது கூண்டில் இருக்கும் குரங்கு இல்லை, காட்டில் தானாகத் திரியும் நாட்டுக் குரங்கு. கைப்பையின் அடியில் எப்போதோ போட்டு மறந்த பிஸ்கட் பாக்கெட். தண்ணீர் எடுக்கக் கையை விட்டபோது அது சரசரத்தது, அவ்வளவுதான். மரத்திலிருந்து எப்போது இறங்கியது என்றே தெரியாமல் பையின் ஒரு வார் அதன் கையில் இருந்தது. நான் இழுத்தேன். அது என்னை நேராக முறைத்தது. நானும் முறைத்தேன். முறைப்பது குரங்கு மொழியில் சண்டைக்கு வா என்பது. "விடும்மா, பையை விடு" என்று அப்பா கத்தியதால் விட்டேன். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, பையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டது. பல்லோ நகமோ பட்டிருந்தால் நேராகத் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு ஐந்து ரூபாய் பிஸ்கட்டை விட்டுக்கொடுப்பது எவ்வளவோ மேல். தின்பண்டம் எதுவும் பையில் இல்லாமல் போவது அதைவிட மேல்.

அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் என் போனில் 14,000 அடி நடந்ததாகக் காட்டியது. பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் சொன்னது குரங்கை மட்டும்தான்.

கோளாறு எங்கே என்று அதற்கப்புறம்தான் யோசித்தேன். பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். கிண்டி தேசியப் பூங்கா முழுவதையும் உள்ளே போட்டால் இரண்டு தடவை போட்டும் மீதி இருக்கும். இதை ஒரே பகலில் "முடித்துவிட" நினைத்ததுதான் தப்பு. துணிக்கடையில் எல்லா மாடியும் ஏறி இறங்குவதைப் போல, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிஷம் நின்று, பெயர்ப் பலகையைப் படித்து, "ம், பார்த்தாச்சு, அடுத்தது" என்று ஓடியிருக்கிறோம்.

மூன்றாவது முறை பிப்ரவரியில், வியாழக்கிழமை. பள்ளி ஆண்டு விழா முடிந்த மறுநாள் விடுமுறை விட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு வாசலில் இருந்தோம். ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், தொப்பி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஒரு பைனாகுலர். உள்ளே பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் அன்று பையில் ஒரு கவர்கூட வைத்துக்கொள்ளவில்லை. போகிற வழியில் ரயிலிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டோம்: ஆளுக்கு ஒரு விலங்கு. மகள் புலி என்றாள். சின்னவன் முதலை. நான் சிங்கவால் குரங்கு. அப்பா யோசித்துவிட்டு, "எங்கேயாவது நல்லா உக்கார இடம் இருந்தாப் போதும்" என்றார். நான்கு இடம். மற்றதெல்லாம் வழியில் கண்ணில் பட்டால் சரி, படாவிட்டாலும் சரி.

முதலில் அப்பாவுக்காக எல்லோருமே பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வந்துவிட்டோம். வசதிக்காக ஏறியது, ஆனால் அதுதான் அன்றைய புத்திசாலித்தனம். எது எங்கே இருக்கிறது, எங்கே நிழல், எங்கே கழிப்பறை, எந்தப் பாதை ஏற்றம் எல்லாம் அரை மணி நேரத்தில் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு வேண்டிய இடத்துக்கு மட்டும் நடந்தோம். கால் வலுவுள்ள இளவட்டங்களுக்கு வாடகை சைக்கிள் நன்றாக ஒத்துவரும்.

காலை ஒன்பதரைக்குப் புலியைப் பார்த்தவர்கள் மத்தியானம் ஒரு மணிப் புலியைப் புலி என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ராத்திரி உள்ளே கொட்டடியில் இருந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. தன் இடத்தை ஒவ்வொரு மூலையாகப் போய்ச் சரிபார்த்தது. ஒரு புதரை முகர்ந்து, திரும்பி, வாலைத் தூக்கிப் பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இது என் வீடுன்னு எழுதி வைக்குது" என்று விளக்கினேன். "நம்ம வீட்டு வாசல்ல தாத்தா பேரு போர்டு இருக்கிற மாதிரியா?" என்றான் சின்னவன். அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள்தான் பார்த்துச் சொன்னாள்: புலியின் காதுக்குப் பின்னால் கறுப்பு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. எனக்கு நாற்பது வயதாகப் போகிறது. காலண்டரிலும் டிவியிலும் எத்தனை புலி பார்த்திருப்பேன். எல்லாம் முகத்தை நம் பக்கம் காட்டிக்கொண்டிருக்கும் புலிகள். முதுகைக் காட்டி உட்கார்ந்த புலியைப் பொறுமையாகப் பார்த்தால்தான் அந்தப் பொட்டு தெரியும். பைனாகுலரில் அது இரண்டு கண் போலவே இருந்தது.

"தாத்தா, கம்பி எங்கே?" என்றான் சின்னவன். அப்பாவுக்கும் அதே சந்தேகம்தான் போல, எட்டிப் பார்த்தார். கூண்டு கிடையாது. நமக்கும் விலங்குக்கும் நடுவில் ஆழமான அகழி. அதன் பக்கம் தரை மெல்லச் சரிந்து இறங்கும், நம் பக்கம் செங்குத்துச் சுவர். செடிகொடி மறைப்பதால் பள்ளம் இருப்பதே தெரியாது. தாண்ட முடியாத பள்ளம் அது என்று புலிக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நன்றாகவே தெரியும். அந்த விளிம்புக்கு வந்து நின்று ஒரு தடவை கீழே பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்தச் சுவரில் பிள்ளைகளைத் தூக்கி உட்காரவைத்துப் போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வெள்ளைப் புலி பற்றி ஒரு வார்த்தை. கூட்டம் எப்போதும் அங்கேதான். அது தனி இனம் இல்லை, சாதாரணப் புலிதான். நிறம் தரும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். இன்று உலகில் கூண்டுகளில் இருக்கிற வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை, 1951-இல் ரேவா காட்டில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற ஒரே குட்டியின் வம்சம். சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கியதால் மாறுகண் போன்ற கோளாறுகள் அவற்றுக்கு அதிகம். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச தூரம் தள்ளி, யாருமே நிற்காத இடத்தில் காட்டு மாடு நின்றுகொண்டிருந்தது. ஆளுயரத்துக்குத் திமில், எண்ணெய் தேய்த்த மாதிரி கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. "சாக்ஸ் போட்டிருக்கு!" என்றாள் மகள். அதை மட்டும் பார்க்கவே நான் இன்னொரு முறை வருவேன்.

முதலை சின்னவனுடையது. வாயைப் பிளந்துகொண்டு கரையில் கிடந்தது, அசையவே இல்லை. கோபத்தில் வாயைப் பிளக்கவில்லை. உடம்புச் சூட்டைச் சமன்படுத்த அப்படித்தான் கிடக்கும். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "பொம்மைங்க இது" என்று தன் மனைவியிடம் பந்தயம் கட்டும் தோரணையில் சொல்லிவிட்டு, சட்டைப் பையில் காசைத் துழாவினார். நல்லவேளை, அவர் மனைவியே கையைத் தட்டிவிட்டார். காசு, கல், பாட்டில் மூடி எது விழுந்தாலும் முதலை விழுங்கிவிடக்கூடும். வெளியே வராமல் வயிற்றில் கிடந்து சாகவும் சாகும். விலங்குகளைச் சீண்டுவதும், தீனி போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். சின்னவன் மட்டும் பந்தயத்தை எடுத்துக்கொண்டான். அசைகிற வரை நகரமாட்டேன் என்று பதினேழு நிமிஷம் நின்றான். ஐந்து வயதுப் பையன் பதினேழு நிமிஷம் ஒரே இடத்தில் நிற்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கடைசியில் முதலை கண்ணை மூடியது. பக்கவாட்டில் ஒரு ஜவ்வு, அப்புறம் இமை. "உயிர் இருக்கு!" என்று அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

என் பங்கு சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத விலங்கு. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த தாடி மாதிரிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். நாங்கள் போனபோது அவற்றுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் என்று பார்த்தால், கையில் அகப்பட்டதையெல்லாம் வாய்க்குள் திணித்துக்கொண்டே போனது. இரண்டு கன்னமும் உருண்டையாகப் புடைத்து, கழுத்து வரை தொங்கியது. கன்னத்தில் பை இருக்கிறது. அவசரமாக அள்ளிக்கொண்டு போய், யாரும் பிடுங்காத கிளையில் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அமுக்கி ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். இதையும் கருமந்தியையும் தூரத்தில் பார்த்தால் இரண்டுமே கறுப்பாக ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் கருமந்திக்கு இந்தப் பை கிடையாது. அது இலை தின்னும் ஜாதி. அதற்கேற்றபடி வயிறுதான் பெரிது. அன்று மத்தியானம் சின்னவன் சாப்பிட்டதும் சிங்கவால் குரங்கு முறைப்படிதான்.

அப்பாவுக்கு உட்கார இடம் ஓட்டேரி ஏரிக்கரையில் கிடைத்தது. பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் ஏரி. வருகிறவர்களில் பாதிப் பேர் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் அனுமானம், ஏனென்றால் ஒன்றரை மணிக்கு அங்கே எங்களைத் தவிர ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். இங்கே இருக்கிற பறவைகளை யாரும் கொண்டுவந்து விடவில்லை. தானாக வருகின்றன, தானாகப் போகின்றன. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரியில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் வந்தால் பார்க்கலாம். மழை பொய்த்த வருடத்துக் கோடையில் வந்தால் காய்ந்த தரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதல் கால் மணி நேரம் பிள்ளைகள் நெளிந்தார்கள். பைனாகுலருக்குச் சண்டை வந்தது. ஆளுக்கு நூறு எண்ணும் வரை என்று முறை வைத்ததும் அடங்கியது. அப்புறம் ஒரு மஞ்சள் மூக்கு நாரை கரைக்கு நெருக்கமாக வந்தது. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரிவாள் வீசுவது போல மெல்ல வீசிக்கொண்டே நடந்தது. நடக்கும்போது ஒரு காலால் சேற்றைக் கிண்டியது. நடுநடுவே ஒரு இறக்கையை மட்டும் படக்கென்று விரித்து மூடியது. "ஏன் அப்படிப் பண்ணுது?" என்று மகள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாதான் சொன்னார்: "மீனை மிரட்டுதும்மா. எங்க ஊர் ஏரியில சேலையை விரிச்சுக்கிட்டு நாலு பேர் சத்தம் போட்டுத் தண்ணியை அடிச்சு மீனை ஒரு பக்கமா ஓட்டுவோம்ல, அதேதான்." அவர் ஊரில் மீன் பிடித்த கதையை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். வாய்க்குள் ஏதாவது பட்ட அடுத்த கணம் அலகு மூடிவிடுகிறது. கண்ணால் பார்த்துக் கொத்துவதில்லை. கலங்கின தண்ணீரில் அதனால்தான் அதற்குப் பிழைப்பு ஓடுகிறது.

அதற்குப் பக்கத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் மரத்தின் மேல் துணி மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தன. அவ்வளவு கனமான உடம்பு எப்படி அந்தக் கிளையில் நிற்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். பைனாகுலர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் இரவல் வாங்குங்கள். எட்டு மடங்கு காட்டுவதே தாராளம். பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் பிள்ளைகள் கையில் ஆட்டம் காட்டும், ஒன்றும் தெரியாது.

கரையில் உட்கார்ந்தபோதுதான் காட்டையும் கவனித்தேன். தேய்ந்துபோன புதர்க்காடாகக் கிடந்ததை, மரம் நட்டுத் தேற்றி எடுத்த காடு இது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்காவையே கொஞ்ச காலம் மூட வேண்டி வந்தது. இப்போதும் சில இடங்களில் பெரிய மரங்களுக்கு நடுவே திடீரென்று வானம் தெரிகிறது, அதில் ஒல்லியான இளமரங்கள் போட்டிபோட்டு வளர்கின்றன. மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் மனதில் வையுங்கள்: நிழல் எல்லாப் பாதையிலும் ஒரே மாதிரி இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் முதியவர்களைக் கூட்டிவருவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. நடக்கவே முடியாதவர்களுக்குக் கிண்டி சிறுவர் பூங்கா போதும். ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, கையோடு பக்கத்தில் பாம்புப் பண்ணையையும் பார்த்துவிடலாம்.

நாலு மணிக்கு, கிளம்புகிற வழியில், சின்னவன் சிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்றான். செத்துப்போச்சா இல்லையா என்று அவனுக்கு இன்னும் தீரவில்லை. சிங்கம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம்கூடத் தூங்கும் என்று நான் எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. போனோம். அன்று அது படுத்திருக்கவில்லை. ராத்திரி தங்கும் கொட்டடியின் கதவுக்கு முன்னால் நின்று, போவதும் வருவதுமாக இருந்தது. சாப்பாடு உள்ளேதான், சாயங்காலம்தான். அது சிங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது. உள்ளே எங்கோ இரும்பு உராயும் சத்தம் கேட்டது. இரண்டு காதும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின. அப்புறம் அது கர்ஜித்தது. டிவியில் கேட்கிற மாதிரி இல்லை. காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. சின்னவன் என் புடவைக்குள் புகுந்துகொண்டான். 2021 ஜூனில் இங்கிருந்த சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி இரண்டு இறந்துபோனது ஞாபகம் வந்தது. நம்மிடமிருந்து அதற்குப் போவதற்கும் வழி இருக்கிறது. இருமல், காய்ச்சலோடு வருகிறவர்கள் இன்னொரு நாள் வரலாம்.

இரவு விலங்கு இல்லம், பட்டாம்பூச்சிப் பூங்கா, சிங்க உலா வண்டி எதையும் அன்று நாங்கள் தொடவில்லை.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூடைக்கார அம்மாவின் மூட்டை மேல் சாய்ந்து தூங்கிப்போனார்கள். எதிர் சீட்டில் அப்பா வயதுக்காரர் ஒருவர். "எங்கேயிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். அப்பா, "உயிர் காலேஜ்" என்றார். நான் குறுக்கிட்டு வண்டலூர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண்ணை அகலமாக்கிக்கொண்டு, "மூர் மார்க்கெட் பின்னாடி இருக்குமே, கரடி ஒண்ணு ஒரே இடத்துல ஆடிக்கிட்டே நிக்குமே!" என்றார். அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தாம்பரம் தாண்டி, நாங்கள் இறங்க வேண்டிய குரோம்பேட்டையும் வந்துவிட்டது. "அப்பா, இறங்கணும்" என்றேன். "இரும்மா" என்றார்.